16 வரை சரி, 17-ல் சறுக்கல்: தென்காசி மாவட்டத்துக்காரர் சொல்லிக்கொடுத்த 2184-ன் பாடம்

பின்கோடு என்றால் நமக்கு என்ன? ஆன்லைனில் ஆர்டர் போடும்போது டைப் பண்ண வேண்டிய ஆறு இலக்கம். அவ்வளவுதான். 1972 ஆகஸ்ட் 15 முதல் இந்தியாவில் புழக்கத்தில் இருக்கும் இந்த எண்களை யாரும் கணக்காகப் பார்ப்பதில்லை. முகவரியாகத்தான் பார்க்கிறோம்.

இன்றைக்கு ஒரு முறை கணக்காகப் பார்ப்போம். தென்காசி மாவட்டத்தில் அக்கம்பக்கத்து ஊர்கள் இரண்டு. திருவேங்கடத்தின் பின்கோடு 627719. சங்கரன்கோவிலின் பின்கோடு 627756. இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 37. ஆனால் குணத்தில் இரண்டும் வேறு வேறு.

கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். 790-ன் வர்க்கம் 6,24,100. 50-ன் வர்க்கம் 2,500. 34-ன் வர்க்கம் 1,156. மூன்றையும் கூட்டினால் 6,27,756. சங்கரன்கோவில் வந்துவிட்டது! மூன்று வர்க்கங்களில் கதை முடிந்தது.

திருவேங்கடத்துக்கு? 791-ன் வர்க்கம் 6,25,681. அதோடு 45-ன் வர்க்கம் 2,025, 3-ன் வர்க்கம் 9, 2-ன் வர்க்கம் 4. கூட்டினால் 6,27,719. இங்கே நான்கு வர்க்கங்கள் தேவைப்பட்டன.

"கொஞ்சம் மெனக்கெட்டுத் தேடியிருந்தா மூணுலயே முடிச்சிருக்கலாமே?" என்று தோன்றும். முடியாது. எத்தனை நாள் உட்கார்ந்து தேடினாலும் முடியாது. இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் விஷயமே இருக்கிறது.

தேடிப் பார்ப்பது வேறு, நிரூபிப்பது வேறு

எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒற்றைப்படை எண்ணின் வர்க்கம் என்றால் மீதி எப்போதும் 1. இரட்டைப்படை என்றால் மீதி 0 அல்லது 4. இந்த மூன்றைத் தவிர வேறு மீதியே வராது.

இப்போது 0, 1, 4 ஆகியவற்றிலிருந்து மூன்றை எடுத்துக் கூட்டி (ஒரே எண்ணைத் திரும்பவும் எடுக்கலாம்), 8-ஐத் தாண்டினால் 8-ஐக் கழித்துவிடுங்கள். 0, 1, 2, 3, 4, 5, 6 எல்லாம் கிடைக்கும். 7 மட்டும் கிடைக்கவே கிடைக்காது. திருவேங்கடத்தின் 627719-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி என்ன? கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்தால் போதும். 719-ல் 712 போனால் மீதி 7. ஆக, மூன்று வர்க்கங்களுக்கு வாய்ப்பே இல்லை. முடிந்தது.

கவனியுங்கள், நாம் எல்லா சாத்தியங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவில்லை. நான்கு வரி யோசனையில், 8-ஆல் வகுத்தால் 7 மீதி வரும் எல்லா எண்களுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு எழுதிவிட்டோம். ஆறு இலக்க எண்ணுக்கும் இது பொருந்தும், அறுநூறு இலக்க எண்ணுக்கும் பொருந்தும். நிரூபணம் என்பது இதுதான்.

உங்கள் ஊர் எண்ணையும் சோதித்துக்கொள்ளலாம். அது 4-ஆல் மீதியின்றி வகுபட்டால் வகுத்துக்கொண்டே வாருங்கள். வகுபடாத நிலைக்கு வந்ததும் 8-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 7 வந்தால் நான்கு வர்க்கங்கள் கண்டிப்பாகத் தேவை. வேறு எது வந்தாலும் மூன்றே போதும். நான்குக்கு மேல் தேவைப்படும் எண் எதுவும் கிடையாது என்பதை 1770-ல் லக்ராஞ்ச் நிரூபித்துவிட்டார்.

அதே 1770-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த எட்வர்டு வேரிங் ஒரு பெரிய கேள்வியைப் போட்டார். வர்க்கத்துக்கு நான்கு போதும், கனத்துக்கு ஒன்பது போதும், நான்காம் அடுக்குக்கு 19 போதும், இப்படியே மேலே மேலே போகலாம் என்றார். சொன்னார், ஆனால் நிரூபிக்கவில்லை. அந்தக் கேள்வியின் ஒரு முக்கியமான பகுதிக்கு விடை சொன்னவர் இதே தென்காசி மாவட்டத்துக்காரர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வல்லத்துப் பிள்ளை

எஸ்.எஸ்.பிள்ளை. முழுப்பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901 ஏப்ரல் 5 அன்று குற்றாலம் பக்கத்தில் இருக்கும் வல்லத்தில் பிறந்தார். அம்மா பெயர் கோமதி அம்மாள். மகன் பெயரில் சங்கரநாராயணர், அம்மா பெயரில் கோமதி. ஆடித்தபசு பார்த்த யாருக்கும் இது எந்தப் பக்கத்துக் குடும்பம் என்று விளக்கம் தேவையில்லை.

பிறந்த ஒரு வருடத்தில் அம்மா போய்விட்டார். பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தில் அப்பாவும் போய்விட்டார். செங்கோட்டையில் பள்ளி, நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி என்று படிப்பைத் தொடர்ந்தார். 1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. 1929-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து 1941 வரை அங்கே இருந்தார். அவருடைய பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் அந்த வருடங்களில் வந்தவை. பிறகு திருவிதாங்கூர், அதன்பின் கல்கத்தா பல்கலைக்கழகம்.

அவர் தீர்த்த கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கடைக்குப் போவோம். அந்த ஊரில் புழங்குவது 1 ரூபாய், 64 ரூபாய், 729 ரூபாய், 4,096 ரூபாய் என ஆறாம் அடுக்கு நோட்டுகள் மட்டும்தான். அதாவது 1, 2, 3, 4 என்று ஒவ்வொரு எண்ணையும் ஆறு முறை எழுதிப் பெருக்கினால் என்ன வருமோ அவை. நோட்டு எத்தனை வேண்டுமானாலும் இருக்கிறது. கேள்வி இதுதான்: பில் தொகை எவ்வளவாக இருந்தாலும், அதிகபட்சம் எத்தனை நோட்டுகளில் சரியாகக் கொடுத்துவிடலாம்?

பில் 703 ரூபாய் என்று வையுங்கள். 729 ரூபாய் நோட்டைத் தொட முடியாது. 64 ரூபாய் நோட்டு பத்து கொடுத்தால் 640. மீதி 63-ஐ ஒற்றை ஒற்றை ரூபாயாகத்தான் எண்ணி வைக்க வேண்டும். மொத்தம் 73 நோட்டுகள். கல்லாவில் இருப்பவர் முறைப்பார், ஆனால் வேறு வழியில்லை.

ஆக, 73-க்குக் குறைந்து பேச முடியாது. அது சுலபமான பாதி. கஷ்டமான பாதி என்னவென்றால், 703-ஐ விட மோசமான பில் எங்கேயாவது இருக்கிறதா என்பது. கோடியில் இருக்கலாம். கோடி கோடியில் இருக்கலாம். நூறு இலக்கத்துக்கு அப்பால் ஏதோ ஒரு தொகைக்கு 74 நோட்டு தேவைப்படாது என்று யார் உத்தரவாதம் தருவது?

பிள்ளை தந்தார், 1940-ல். எந்த எண்ணாக இருந்தாலும் 73 போதும் என்று நிரூபித்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. மிகப் பெரிய எண்களுக்கு உயர்கணித முறைகள், மற்றவற்றுக்குப் பொறுமையான கைக்கணக்கு, இரண்டையும் இணைத்து வந்த விடை. அதற்கு முன்பே, 1930-களின் நடுவில், ஏழாம் அடுக்கிலிருந்து மேலே உள்ளவற்றுக்கான பொது விடையை அமெரிக்காவின் டிக்சன் ஒரு பக்கமும் சிதம்பரத்தில் பிள்ளை ஒரு பக்கமும் தனித்தனியாகக் கண்டிருந்தார்கள்.

ஐந்தாம் அடுக்குக்கு 37 என்பதை சீனாவின் சென் ஜிங்ருன் நிரூபித்தது 1964-ல். வேரிங் சொன்ன நான்காம் அடுக்கின் 19 நிரூபணமானது 1986-ல்தான். நிரூபித்த மூவரில் ஒருவர் ஆர்.பாலசுப்பிரமணியன், பின்னாளில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 216 வருடக் கேள்வி ஒன்றில் இரண்டு தமிழ்ப் பெயர்கள்!

2184-ல் என்ன விசேஷம்?

73 பெரிய சாதனைதான். ஆனால் பிள்ளையின் இன்னொரு கண்டுபிடிப்புதான் நம் தினசரி வாழ்க்கைக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும், புரிந்துவிடும்.

அடுத்தடுத்து வரும் சில எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 20, 21, 22, 23, 24, 25. இந்தக் கூட்டத்தில் 'யாரோடும் ஒட்டாத' ஒரு எண் இருக்கிறதா? அதாவது, மற்ற எந்த எண்ணோடும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண். பள்ளிப் பாடத்தில் சார்பகா எண்கள் என்று படித்தோமே, அதுதான். இங்கே 23 அப்படி ஒரு தனிக்கட்டை.

இரண்டு எண்கள் எடுத்தாலும் தனிக்கட்டை உண்டு. ஐந்து எடுத்தாலும் உண்டு. பத்து எடுத்தாலும் உண்டு. எங்கே தொடங்கினாலும் உண்டு. 16 எண்கள் வரைக்கும், எங்கிருந்து தொடங்கினாலும், குறைந்தது ஒரு தனிக்கட்டை இருந்தே தீரும். இதைப் பிள்ளை நிரூபித்தார்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு நாம் என்ன சொல்லுவோம்? "16 வரைக்கும் சரியா வருதுல்ல, அப்போ எப்பவுமே வரும்." இல்லை என்று காட்டியவரும் பிள்ளைதான். 17 எண்களில் இந்த விதி உடைகிறது. அப்படி உடையும் முதல் இடம் 2184.

2184-லிருந்து 2200 வரை 17 எண்கள். இரட்டைப்படை எண்கள் எல்லாம் 2 என்ற காரணியால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒற்றைப்படை எண்களைப் பாருங்கள். 2187, 2193, 2199 மூன்றும் 3-ஆல் வகுபடும். 2185-ம் 2195-ம் 5-ஆல் வகுபடும். 2191-ல் 7 இருக்கிறது, 2184-லும் 7 இருக்கிறது. 2197 என்பது 13-ன் கனம், 2184-லும் 13 இருக்கிறது. மிச்சம் இருப்பது 2189. அது 11 பெருக்கல் 199. அதன் ஜோடி எங்கே? 2200-ல். அதாவது, கடைசி எண்ணில்.

இப்போது 2200-ஐ மட்டும் எடுத்துவிடுங்கள். 2184 முதல் 2199 வரை 16 எண்கள். 2189-க்கு ஜோடி இல்லாமல் போகிறது, அது தனிக்கட்டையாக நிற்கிறது, விதி மறுபடியும் பிழைத்துக்கொள்கிறது. 17-வது ஆள் உள்ளே வந்ததும் விதி செத்துவிடுகிறது. ஒரே ஒரு எண்தான் வித்தியாசம்.

17-லிருந்து 430 வரை எத்தனை எண்கள் எடுத்தாலும் இப்படித் தனிக்கட்டையே இல்லாத கூட்டங்கள் உண்டு என்று பிள்ளை காட்டினார். 17-க்கு மேல் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் என்பதை பிரவுவர் என்ற கணிதர் அடுத்து நிரூபித்தார்.

இது ஏதோ அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். பகா எண்களுக்கு ஆய்லர் கொடுத்த பிரபலமான சூத்திரம் ஒன்று உண்டு. ஒரு எண்ணை எடுங்கள், அதன் வர்க்கத்தோடு அதே எண்ணைக் கூட்டுங்கள், 41-ஐச் சேருங்கள். 0 போட்டால் 41, 1 போட்டால் 43, 2 போட்டால் 47, 3 போட்டால் 53. எல்லாமே பகா எண்கள். 39 வரைக்கும் தொடர்ந்து 40 முறை பகா எண்ணே வரும். 40 போட்டால்? 1681. அது 41 பெருக்கல் 41. போச்சு.

17-வது மாசம்

இதெல்லாம் கணக்கு வாத்தியாருக்கு சரி, நமக்கு என்ன என்கிறீர்களா? நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

"மாசம் பத்து பர்சன்ட். என் மச்சான் போட்டிருக்கான், ஒரு மாசம்கூட தவறல. ஸ்க்ரீன்ஷாட் அனுப்பவா?" இந்த டயலாக்கைக் கேட்காத தமிழ்க் குடும்பம் குறைவு. ஈமு கோழி காலத்திலிருந்து இன்றைய ஆப் முதலீடு வரை பெயர்தான் மாறுகிறது. சாட்சியம் மாறுவதே இல்லை: "இதுவரைக்கும் சரியா வந்திருக்கு."

இதுவரைக்கும் சரியாக வந்தது உண்மைதான், பொய்யே இல்லை. அதுதான் ஆபத்து.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 பேர் ஆளுக்கு 1 லட்சம் போடுகிறார்கள், மாதம் 10,000 ரூபாய் திரும்பத் தருவதாகப் பேச்சு. கம்பெனி எந்தத் தொழிலும் செய்யவில்லை, ஒரு பைசாகூட சம்பாதிக்கவில்லை என்று வையுங்கள். புதிதாக ஒருவரும் சேராவிட்டாலும், வாங்கிய பணத்தை வைத்தே பத்து மாதம் டாணென்று கொடுத்துவிடலாம். அந்தப் பத்து மாதம் உங்கள் கைக்கு வருவது உங்கள் பணமே. அந்தப் பத்து ஸ்க்ரீன்ஷாட்களும் எதையும் நிரூபிக்கவில்லை.

அதற்கு மேல் ஓட்ட வேண்டும் என்றால் புது ஆட்கள் வேண்டும். ஒருவர் கொண்டுவரும் 1 லட்சம், பத்துப் பேருக்கு ஒரு மாதப் பட்டுவாடா. ஆக, வாங்கும் புதுப் பணத்தையே பட்டுவாடா செய்துகொண்டிருந்தால், மாதா மாதம் உறுப்பினர் எண்ணிக்கை 10 சதவீதம் கூடிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வருடத்தில் 100 பேர் சுமார் 985 பேர் ஆக வேண்டும். எட்டு வருடத்தில் சுமார் 9.4 லட்சம் பேர். இன்னும் ஐந்தே மாதத்தில் 15 லட்சத்தைத் தாண்டிவிடும். 2011 கணக்கெடுப்புப்படி தென்காசி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 14 லட்சம்தான். பால்குடிக்கும் பிள்ளை வரைக்கும் சேர்ந்தாலும் பத்தாது. நிஜத்தில் அதற்கு ரொம்ப முன்னாலேயே கதவுக்குப் பூட்டு விழுந்திருக்கும்.

2189-க்கு ஜோடி 2200-ல் இருக்கிறதா என்று பார்த்தது போலத்தான் இதுவும். எத்தனை முறை சரியாக வந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தால் எதுவும் தெரியாது. எதனால் சரியாக வருகிறது என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான், எங்கே உடையும் என்பது முன்கூட்டியே தெரியும்.

படித்தவர்கள், ஐடியில் இருப்பவர்கள், எக்செல் தெரிந்தவர்கள் இதில் மாட்டமாட்டார்கள் என்று நினைத்தால், அதுவும் இல்லை. அவர்களுக்கு வேறு கடை. "போன மூணு வருஷ டேட்டால இந்த ஸ்ட்ராட்டஜி ஒர்க் ஆகுது" என்று ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸில் இறங்குகிறார்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அந்தப் பிரிவில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு சொன்னது. பழைய டேட்டாவில் ஒர்க் ஆனது எல்லாம், அதே மாதிரி 16 எண்கள்தான்.

ஏஐ விஷயத்திலும் இதே எச்சரிக்கை தேவை. கேட்ட பத்துக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னது, அதனால் பதினோராவது பதிலை அப்படியே ஆபீஸ் மெயிலில் போடலாம் என்று நினைக்கிறோம். பத்து சரியான பதில், பதினோராவது பதிலுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடாது.

"எல்லாத்துக்கும் நிரூபணம் கேட்டா வாழ முடியுமா?"

நியாயமான கேள்வி. முடியாதுதான். பஸ் ஏறும்போது பிரேக் பிடிக்கும் என்பதற்கு நிரூபணம் கேட்டு நாம் ஏறுவதில்லை.

கணித உலகமே நிரூபணம் இல்லாத நம்பிக்கைகளோடுதான் வாழ்கிறது. இணையப் பாதுகாப்பில் பல வருடங்களாகப் பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1977-ல் வந்தது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கி வந்த எண்ணைத் திரும்பப் பிரிப்பது ரொம்பக் கஷ்டம் என்பதுதான் அதன் அஸ்திவாரம். இன்று வழக்கமாகப் பயன்படும் எண்களுக்கு 617 இலக்கங்கள். அப்படிப் பிரிக்க சுலப வழியே கிடையாது என்று யாராவது நிரூபித்திருக்கிறார்களா? இல்லை! இவ்வளவு வருடம் யாராலும் முடியவில்லை, அவ்வளவுதான். இதுவும் '16 வரை சரி' ரகம்தானே?

ஆம். ஆனால் அந்தத் துறையில் இருப்பவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பாருங்கள். நிரூபணம் இல்லை என்பதை அவர்கள் மறைப்பதில்லை. சவாலுக்கு என்றே எண்களை வெளியிட்டு, உடைக்க முடிந்தால் உடையுங்கள் என்றார்கள். 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்றை ஆராய்ச்சியாளர்கள் உடைத்தும் காட்டினார்கள். குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் இந்தப் பூட்டு உடையும் என்று தெரிந்ததால், 2024 ஆகஸ்டிலேயே அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு புதிய பூட்டு முறைகளை அறிவித்துவிட்டது. நம்புகிறார்கள், ஆனால் எதை வைத்து நம்புகிறோம் என்று தெரிந்து நம்புகிறார்கள். உடைந்தால் என்ன செய்வது என்றும் தயாராக இருக்கிறார்கள்.

பிள்ளையும் டிக்சனும் கண்ட பொது விடையிலேயே ஒரு சின்ன நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எல்லா அடுக்குகளுக்கும் பொருந்துகிறதா என்று 47,16,00,000-வது அடுக்கு வரை சோதித்துவிட்டார்கள். ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. விதிவிலக்கு இருந்தாலும் எண்ணிவிடக்கூடிய அளவில்தான் இருக்கும் என்று 1957-ல் மாலர் நிரூபித்தும் விட்டார். இருந்தும், விதிவிலக்கே இல்லை என்று எந்தக் கணிதரும் இதுவரை எழுதவில்லை. 47 கோடி முறை சரியாக வந்த பிறகும் "இன்னும் நிரூபணமாகவில்லை" என்று சொல்லும் நேர்மை அது. நாமோ மச்சானுடைய ஆறு ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்துவிட்டு நகையை அடகு வைக்கிறோம்.

நான் கேட்பது எல்லாவற்றுக்கும் நிரூபணம் அல்ல. கையில் இருப்பது நிரூபணமா, இதுவரைக்கும் நடந்த அனுபவமா என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம். அனுபவம்தான் என்றால், அதை நம்பி எவ்வளவு பணயம் வைக்கலாம் என்ற கேள்வி தானாக வரும். அந்த ஒரு கேள்வி பல குடும்பங்களைக் காப்பாற்றும்.

ஒரு சாக்பீஸ் போதும்

ராமானுஜனை நமக்குத் தெரியும். அவருடைய பிறந்தநாளான டிசம்பர் 22 தேசிய கணித தினம். 1729 என்றால் டாக்ஸி நம்பர் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். கொண்டாட வேண்டியதுதான், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நாம் கொண்டாடும் விதத்தில் ஒரு சிக்கல். கனவில் வந்தது, தெய்வம் சொன்னது, பிறவி மேதை என்று பேசிப் பேசி, கணக்கு என்றால் வரம் கிடைத்தவர்களுக்கு மட்டும் என்று பிள்ளைகளை நம்பவைத்துவிட்டோம்.

பிள்ளையின் கதை வேறு மாதிரி. தாய் தகப்பன் இல்லாமல் உதவித்தொகையில் படித்த பையன், விரிவுரையாளர் வேலை பார்த்துக்கொண்டே வருடக்கணக்கில் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டி ஜெயித்த கதை. திருவேங்கடத்தில் கரிசல் காட்டு வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு, இந்தக் கதை பக்கத்து வீட்டுக் கதை மாதிரி இருக்கும்.

அந்தக் கதையின் முடிவு துயரமானது. 1950-ல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஒரு வருடம் வந்து தங்கிப் பணியாற்ற அவரை அழைத்தது. ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகக் கலந்துகொள்ளவும் புறப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவிலிருந்து கிளம்பிய விமானம் எகிப்திலேயே விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். பிள்ளைக்கு வயது 49.

2010-ல் ராமானுஜன் கணிதக் கழகம் அவருடைய படைப்புகளை இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தது. அது ஆய்வாளர்களுக்கு. நம் பிள்ளைகளுக்கு என்ன?

2019-ல் உருவான தென்காசி மாவட்டத்துக்குக் குற்றால அருவியும் கோவில்களும் அடையாளமாக இருக்கின்றன. அவற்றோடு 2184-ஐயும் சேர்க்கலாம். சிலை வேண்டாம், மணிமண்டபம் வேண்டாம், டெண்டரே தேவையில்லை. பிறந்தநாளான ஏப்ரல் 5, பரீட்சை நெருக்கடியில் மாட்டிக்கொள்ளும். அதனால் நினைவு நாளான ஆகஸ்ட் 31-ஐ ஒட்டி, மாவட்டத்தின் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரே ஒரு பீரியட் ஒதுக்கினால் போதும். ஆசிரியர் கரும்பலகையில் 2184 முதல் 2200 வரை 17 எண்களை எழுத வேண்டும். தனிக்கட்டையைக் கண்டுபிடியுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். அவர்கள் தேடுவார்கள், காரணிப்படுத்துவார்கள், சண்டை போடுவார்கள், இல்லை என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு 2200-ஐ டஸ்டரால் அழித்துவிட்டு, "இப்ப பாருங்க" என்று சொல்ல வேண்டும்.

அந்த 45 நிமிடத்தில் சார்பகா எண்களும் புரிந்துவிடும். 16 முறை சரியாக வந்தால் மட்டும் போதாது என்பதும் மனதில் ஏறிவிடும். பத்து வருடம் கழித்து, மாதம் பத்து பர்சன்ட் தருகிறோம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் வந்தால், அந்தப் பிள்ளை "எத்தனை மாசமா தர்றீங்க?" என்று கேட்காது. "எதிலிருந்து தர்றீங்க?" என்று கேட்கும்.